உதவித்தொகையா, மனுவா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், நண்பர்கள் சிலர் சேர்ந்து அறக்கட்டளை நடத்துகிறோம். அவ்வப்போது இலவச மருத்துவ முகாம் போடுவோம். வசதியில்லாத நோயாளிகளுக்குச் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு கொடுப்போம். உள்ளூர்க் கடைக்காரர்களும் வெளியூர், வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர்களும் தரும் பணத்தில்தான் இது நடக்கிறது.

சமீபத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு மாரடைப்பு வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தார். சேர்த்ததும் திட்டத்தில் இருக்கிற தனியார் மருத்துவமனைதான். ஆனாலும் 'ஸ்கேன் தனி, மருந்து தனி' என்று 38,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ரசீது இல்லை. நாங்கள் 20,000 கொடுத்தோம், மீதியை அவர் மனைவி வட்டிக்கு வாங்கினார். தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களோ, சர்க்கரை மாத்திரையை 'வெளியே வாங்கிக்கோங்க' என்று சீட்டோடு திரும்பி வருகிறார்கள். எங்களிடம் வசூலாகிற பணம் எந்த மூலைக்கும் போதவில்லை.

'நாம் கேட்க வேண்டியது அரசாங்கத்திடம், மளிகைக் கடைக்காரரிடம் அல்ல' என்கிறார் அறங்காவலர் ஒருவர். 'அது அரசியல், பதிவே ரத்தாகிவிடும், முகாமுக்கு வரும் டாக்டர்களும் நின்றுவிடுவார்கள்' என்கிறார் இன்னொருவர். பொருளாளர் நேராக ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குப் போடலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

ஐயா, வணக்கம்.

அந்த 20,000 ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்டோக்காரருக்குக் கொடுத்ததாக உங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பீர்கள். அவர் வீட்டுக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, எல்லாம் மருத்துவமனைக் கல்லாவுக்குப் போயிருக்கிறது. அதே சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்தும் அந்த மருத்துவமனைக்குப் பணம் வரும். கடைக்காரர்களிடம் நூறும் ஐந்நூறுமாக நீங்கள் திரட்டியது, அநேகமாக வாங்கவே கூடாத ஒரு கட்டணத்தைக் கட்டப் பயன்பட்டிருக்கிறது. கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் படுத்திருக்கும்போது கவுன்டரில் நின்று விதி பேச முடியாது. ஆனால் கொடுத்த பிறகு, 'இது யார் கொடுத்திருக்க வேண்டிய பணம்?' என்று கேட்டு ஒரு காகிதம் உரிய மேஜைக்குப் போயிருக்க வேண்டும். அது போகாதவரை அடுத்த மாதமும் அதே கவுன்டரில் அதே தொகையைத்தான் கேட்பார்கள். கேட்டால் கொடுக்க ஊரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது என்பதும் இப்போது அவர்களுக்குத் தெரியும்.

எனவே முகாமை நிறுத்த வேண்டாம், உதவியையும் நிறுத்த வேண்டாம். ஒவ்வோர் உதவிக்குப் பின்னாலும் ஒரு கேள்வி போகட்டும். உங்கள் முதல் அறங்காவலர் சொல்வது சரி. அதை எப்படிச் செய்வது என்பதுதான் விஷயம்.

காப்பீட்டுத் திட்டம் 2009-ல் தொடங்கியது, 2012-லிருந்து இன்றைய பெயரில் நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, கையிலிருந்து பணம் கொடுக்காமல் சிகிச்சை பெறலாம் என்பதே அதன் அடிப்படை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை, அதாவது மொத்தமாக நிர்ணயித்த ஒரு தொகை, உண்டு. அந்தப் பேக்கேஜில் அடங்கிய பரிசோதனைக்கும் மருந்துக்கும் நோயாளியிடம் தனியாக வாங்கக் கூடாது. ஆட்டோக்காரர் விஷயத்தில், உண்மையிலேயே பேக்கேஜில் வராத ஏதோ ஒன்றுக்குக் கேட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அதை எழுதித் தருவதில் என்ன தயக்கம்? ரசீது தராததே எனக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது.

இனி இப்படி ஒன்று வந்தால் உங்கள் ஆள் முதலில் போக வேண்டியது பில் கவுன்டருக்கு அல்ல, காப்பீட்டு மேஜைக்கு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அதற்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். சத்தம் போட வேண்டாம். 'இந்த நோயாளிக்கு எந்தப் பேக்கேஜில் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், நீங்கள் கேட்கிற தொகை எதற்கு, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பல சமயம் இந்தக் கேள்வியிலேயே தொகை இறங்கிவிடும், சில சமயம் காணாமலே போய்விடும். அசையாவிட்டால், நோயாளி உள்ளே இருக்கும்போதே திட்டத்தின் இலவசத் தொலைபேசிக்குப் பேசிப் புகார் எண் வாங்கலாம், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கும் பேசலாம். மாவட்ட அளவில் இந்தத் திட்டத்தைக் கண்காணிக்கவும் குறைகளை விசாரிக்கவும் ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது. ரசீது இல்லாத வசூல் பற்றிய எழுத்துப் புகார் போக வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளியும் குடும்பமும் சரியென்றால் மட்டுமே செய்யுங்கள். மாதாமாதம் அதே டாக்டரிடம் செக்கப்புக்குப் போக வேண்டியவர் அவர். உங்களுக்கு இது கொள்கை, அவருக்கு இது உயிர். அவர் வேண்டாமென்றால் பெயரில்லாமல் தேதி, தொகை, காரணம் மட்டும் குறித்து வையுங்கள். இப்படி ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தால், யாரையும் காட்டிக்கொடுக்காமலே 'இந்த மருத்துவமனையில் இது வழக்கமாக நடக்கிறது' என்று எழுதலாம்.

மருத்துவமனைகளின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாகாது. பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, பணம் வரத் தாமதமாகிறது என்று அவர்கள் சொல்வதுண்டு. சில சிகிச்சைகளில் அது உண்மையாகவும் இருக்கும். அப்படியானால் அந்தச் சண்டையை அவர்கள் அரசோடு போட வேண்டும். ஆட்டோக்காரர் மனைவியின் வட்டிக் கடனில் தீர்த்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மனுவில் 'பேக்கேஜ் தொகை போதாதென்றால் மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் நேர்மையான மருத்துவமனைகள் உங்களை எதிரியாகப் பார்க்காது.

அடுத்து மாத்திரை விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அறக்கட்டளையால் உண்மையில் ஏதாவது மாற்ற முடியும் என்றால் அது இங்கேதான்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவானது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில், டெண்டர் போட்டு வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைப்பது அதன் வேலை. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையில் வரும் மாத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள், அவை இந்த வழியில் வருபவைதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடும் பாஸ்புக்கும் உண்டு. மருத்துவமனை இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், போட்டுக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும்போது அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ளவும் ஒதுக்கீட்டில் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் 'வெளியே வாங்கிக்கோங்க' என்கிறார்கள் என்றால் காரணம் ஒன்றாக இருக்காது. கிடங்குக்கே வராமல் இருந்திருக்கலாம். கிடங்கில் இருந்தும் மருத்துவமனை நேரத்துக்கு இன்டென்ட் போடாமல் விட்டிருக்கலாம். நோயாளிகள் எண்ணிக்கை ஏறிய பிறகும் ஒதுக்கீடு பழைய அளவிலேயே நின்று, ஆண்டு முடிவதற்குள் பாஸ்புக் காலியாகியிருக்கலாம். அல்லது பட்டியலில் இருக்கும் மருந்தை விட்டுவிட்டு டாக்டர் ஒரு கம்பெனிப் பெயரை எழுதியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆள் வேறு. மருந்து ஜன்னலில் நிற்கும் நோயாளிக்கு எல்லாமே ஒரே வார்த்தையாகத்தான் வந்து சேரும்: 'ஸ்டாக் இல்லை.'

உங்கள் ஆட்கள் செய்ய வேண்டியது, அந்த ஜன்னலுக்கு வெளியே இருக்கிற வேப்பமரத்தடியிலோ சைக்கிள் ஸ்டாண்டிலோ இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவதுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர்களைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் யார்? வருகைப் பதிவேடு எழுதி எழுதிப் பழகிய கை. தேதி, மருந்தின் பெயர், எத்தனை நாளுக்கு எழுதினார்கள், எத்தனை நாளுக்குக் கிடைத்தது, வெளியே வாங்கியது எவ்வளவுக்கு. சீட்டை மொபைலில் படம் எடுக்கும்போது பெயரும் ஓ.பி. எண்ணும் தெரியாமல் விரலால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசநோய், எச்.ஐ.வி., மனநல மருந்து வாங்குபவர்களிடம் போய் நிற்கவே வேண்டாம். மருந்தாளுநரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு உட்காருங்கள். ஒளிந்து செய்கிற வேலை அல்ல இது.

இந்தப் பதிவேடு கையில் வந்த பிறகு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை. ஊழியர்கள் அலட்சியம். ஏழைகள் அவதிப்படுகிறார்கள். தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறோம்.' இதற்கு என்ன ஆகும் என்று சொல்லட்டுமா? ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மருத்துவத் துறை இணை இயக்குநருக்குப் போகும், அங்கிருந்து அதே மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கு வரும். அவர் 'மருந்துகள் போதிய அளவில் இருப்பில் உள்ளன' என்று எழுதி அனுப்புவார். மனு முடித்துவைக்கப்பட்டது என்று உங்கள் மொபைலுக்குக் குறுஞ்செய்தி வரும். இதில் யாரும் பொய்கூடச் சொல்லவில்லை. அவர் பதில் எழுதிய அன்று மருந்து இருந்திருக்கும்.

நீங்கள் எழுத வேண்டியது இந்த மாதிரி. எண்களை உங்கள் நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 500 மி.கி. எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் இத்தனை பேர் வெளியே வாங்கியுள்ளனர், சீட்டு நகல்கள் இணைப்பு. இந்த நாட்களில் மருத்துவமனை இம்மருந்துக்கு இன்டென்ட் அனுப்பிய தேதி எது? கேட்டது எவ்வளவு, கிடங்கு கொடுத்தது எவ்வளவு? உள்ளூர்க் கொள்முதல் செய்யப்பட்டதா? இல்லையெனில் காரணம் என்ன?' இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் 'போதிய அளவில் இருப்பில் உள்ளது' என்று இதற்குப் பதில் எழுத முடியாது, பதிவேட்டைத் திறந்துதான் எழுத வேண்டும்.

அதற்கும் மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அதே கேள்விகளை 'பதிவேட்டின் நகல் தருக' என்ற வடிவில் கேளுங்கள். 'ஏன்' என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மருத்துவமனையிடம் ஒன்று, மருத்துவப் பணிகள் கழகத்திடம் ஒன்று என இரண்டு விண்ணப்பம் போட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறு எங்கே என்பது பெரும்பாலும் அந்த இரண்டு தாளுக்கு நடுவில்தான் கிடக்கும்.

முகவரி இன்னொரு சிக்கல். நம் மாநிலத்தில் அரசு மருத்துவம் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை, அதற்கு மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம், அதற்கு இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககம், அதற்கு டீன். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றின் பதிவும் இணை இயக்குநர் கையில்தான். தாலுகா மருத்துவமனை பற்றி மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதினால் அது மாதக்கணக்கில் ஊர் சுற்றும். நல்ல மனுக்கள் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் முகாம்களையும் இதோடு கோத்துவிடுங்கள். முகாமில் பிரஷர், சர்க்கரை என்று கண்டுபிடித்துப் பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புகிறீர்கள். பதினோராம் நாள் அவர் என்ன செய்கிறார்? வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். முகாமில் கண்டுபிடிக்கும் ஒவ்வொருவர் பெயரும், அவர் சம்மதத்தோடு, அந்தப் பகுதித் தன்னார்வலரின் பட்டியலில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாதவர்கள் எந்தத் தெரு, எந்தக் கொட்டாய், எந்தச் சாதிக் குடியிருப்பு என்று குறித்துக்கொண்டே வந்தால், சுகாதாரம் யாருக்குக் கிடைக்கவில்லை என்ற படம் தானே வந்துவிடும். ஊராட்சிகளில் அதைக் கிராமசபைக்குக் கொண்டுபோகலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சோடு விட்டால் காற்றோடு போய்விடும்.

அட்டையே வாங்க முடியாதவர்களையும் மறக்க வேண்டாம். காப்பீட்டுக்கான குடும்ப வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022-ல் 1,20,000 ஆனது. மாதம் 10,000. கணவனும் மனைவியும் நாளுக்கு 400 ரூபாய்க் கூலிக்கு மாதம் 25 நாள் வேலைக்குப் போனாலே 20,000 ஆகிவிடுகிறது. இவர்கள் பணக்காரர்களா? உள்ளதைச் சொன்னால் அட்டை கிடைக்காது, குறைத்துச் சொன்னால் கிடைக்கும் என்ற நிலைக்கு ஓர் ஏழையைத் தள்ளுவது எனக்குப் பிடிக்கவில்லை. வரம்பை உயர்த்துவது மாநில அளவிலான கோரிக்கை, உங்கள் ஓர் அறக்கட்டளையால் ஆகாது. ஆனால் வரம்பால் அட்டை கிடைக்காமல் கடனாளியான குடும்பங்களின் விவரம் உங்களிடம் இருந்தால், மக்கள் நல்வாழ்வு இயக்கம் போல மாநில அளவில் பேசுகிறவர்களுக்கு அது பெரிய பலம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால், தொழிலாளர் துறையின் சான்றோடு திட்டத்தில் சேர வழி இருக்கிறது. அது அவர்களுக்கும் தெரியாது, அவர்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரும் சொல்வதில்லை.

இனி உங்கள் இரண்டாம் அறங்காவலரின் பயம். அதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஏழைகளுக்கு உதவுவதும் மருத்துவ உதவியும் வருமான வரிச் சட்டம் அறச்செயல் என்று ஏற்பவை. ஒரு நோயாளிக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கேட்டு மனு கொடுப்பது அரசியல் கட்சி வேலை ஆகாது. உங்கள் பத்திரத்தில் 'மருத்துவ உரிமைகள் குறித்த விழிப்புணர்வும் உதவியும்' என்ற பொருளில் ஒரு நோக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சேர்க்க வழி உண்டா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் எந்த வேட்பாளர் மேடையிலும் அறக்கட்டளைப் பெயரோடு ஏறாதீர்கள். கோரிக்கை கொடுப்பதென்றால் எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்.

அவர் பயப்பட வேண்டிய இடம் உண்மையில் வேறு. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மாணவர்கள் பணம் அனுப்புகிறார்கள் என்றீர்கள். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை முறையாக வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு வேண்டும். இன்றே கணக்கை எடுத்து யார் எந்தக் குடியுரிமை என்று பாருங்கள். மனு கொடுத்து மூடப்பட்ட சங்கம் எனக்குத் தெரிந்து இல்லை, இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவை உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ்கூட, கட்சி அரசியல் நோக்கம் இல்லாமல் பொதுப் பிரச்சினைக்காகப் போராடும் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டாக்டர்கள் நின்றுவிடுவார்களா? ஓரிருவர் நிற்கலாம். மற்றவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு டாக்டர் இடம் காலியாக இருந்தால் மீதியிருப்பவர்தான் இரவும் பகலும் சாகிறார். அரசு ஊழியர் என்பதால் அவரால் பேப்பருக்குப் பேச முடியாது, மேலே எழுதினாலும் 'சமாளியுங்கள்' என்றுதான் வரும். 'காலியிடத்தை நிரப்புங்கள்' என்ற உங்கள் மனு அவருக்கு உதவி. மனு கொடுக்கும் முன் நகலை அவரிடம் காட்டுங்கள். எந்த எண் தப்பு, எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று அவரே காதோடு சொல்லுவார்.

உதவியும் செய்துகொண்டு உரிமையும் கேட்க முடியுமா என்றால், மும்பையில் இருக்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கத்தைப் பாருங்கள். 1969-லிருந்து நோயாளிகளுக்கு உதவுவதுதான் அதன் வேலை, உங்களைப் போலத்தான். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் தந்தன. கிளிவெக்கை விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமை கிடைத்துவிட்டால் அந்த விலை குறைந்த மருந்து நின்றுபோகும். எத்தனை பேருக்குத்தான் நன்கொடை வசூலித்து லட்சம் கட்டுவது? அந்தச் சங்கம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு போட்டது. 2006 ஜனவரியில் அங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கம்பெனி விடாமல் போராடி, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. ஒரு நன்கொடைச் சங்கம் உரிய மேஜையில் வைத்த எதிர்ப்பில் தொடங்கியது அது.

இதைப் படித்துவிட்டு உங்கள் பொருளாளர் 'நான்தான் சொன்னேனே' என்பார். வழக்கின் பலத்தை நான் மறுக்கவில்லை. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கொல்கத்தாவிலும் சுற்றிலும் இருந்த அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிழைத்தார். அவருடைய விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அவசர சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமை மீறல், பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டின் கதையும் அப்படித்தான். டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கு, 2016-ல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது, 2017 பிப்ரவரியில் விலை உச்சவரம்பு. லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. பிறகு சில இடங்களில் வேறு கட்டணங்கள் ஏறின என்ற புகாரும் எழுந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் மேற்கு வங்க வழக்கில் எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு, என்ன சொல்லித் திருப்பியது என்ற விவரம் ஒன்றொன்றாக இருந்தது. உங்களிடம் இப்போது ரசீதில்லாத 38,000-மும், சில மாத்திரைச் சீட்டுகளும்தான் இருக்கின்றன. 'முதலில் அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா?' என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும். கொடுத்த மனு, வந்த பதில், தகவல் உரிமையில் கிடைத்த பதிவேடு எல்லாம் கையில் இருந்தால் அன்றைக்குப் பேசலாம். அதற்கு முன் வழக்கறிஞர் ஃபீஸுக்கு அறக்கட்டளைப் பணத்தைத் தொட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. தனிப்பட்ட நோயாளிகளின் வசூல் புகார்களை அங்கே சமரசத்தில் தீர்க்கவும் வாய்ப்பிருக்கிறது. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் விசாரித்து வரச் சொல்லிப் பொருளாளரையே அனுப்புங்கள். கோர்ட் வாசல் ஏற அவருக்குத்தான் ஆசை.